பழைய ஜேர்மன் தீயணைப்பு லொறியைக் கனடாவுக்கு இறக்கி வீட்டு வண்டியாக்கலாமா?

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருக்கிற ஒரு இளம் தம்பதி கேட்ட கேள்வி இது. ஜேர்மனியில் ஒரு ஊர்த் தீயணைப்புப் படை 1988 ஆம் ஆண்டு மெர்சிடஸ் 1222 லொறி ஒன்றை விற்கிறது. நான்கு சில்லும் இழுக்கும். ஓடியது 24,000 கிலோமீற்றர்தான். அதைக் கப்பலில் இறக்கி, பின்னால் கட்டிலும் குசினியும் வைத்துக் கட்டி, அலாஸ்காவில் இருந்து ஆர்ஜென்டீனாவின் தென்கோடி உசுவாயா வரை போக ஆசை. கனடாவுக்குள் விடுவார்களா, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் ஒன்ராறியோவில் இருபது வருடத்துக்கு மேலாக டீசல் மெக்கானிக். இதே வழியில் மெர்சிடஸ் 917 லொறி ஒன்றை இறக்கி, என் கையாலேயே கட்டி ஓட்டுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உள்ளே விடுவார்கள். அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த 1222 ஐ வாங்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். படத்தில் சிவப்பு நிறமும் உயர்ந்த சில்லும்தான் முதலில் கண்ணில் படும். நீங்கள் தேட வேண்டியது, கதவுக்குப் பக்கத்திலோ சாரதியின் காலடியிலோ அடித்திருக்கிற சின்னத் தகடு. அதில் இருக்கிற மொத்த எடைதான் உங்கள் அனுமதிப்பத்திரம், பதிவு, ரயர், கட்டப் போகும் பெட்டி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மெர்சிடஸ் லொறியின் பெயரிலேயே அது பாதி எழுதியிருக்கிறது. முதல் இலக்கங்கள் தொன், கடைசி இரண்டு இலக்கங்களைப் பத்தால் பெருக்கினால் குதிரைவலு. 917 என்றால் 9 தொன், 170 குதிரைவலு. 1222 என்றால் 12 தொன், 220 க்குக் கிட்ட.

ஒன்ராறியோவில் சாதாரண ஜி வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் 11,000 கிலோ வரைதான். அதற்கு மேலே டி வகை வேண்டும். உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் டி எடுத்து, மற்றவர் பல்லாயிரம் கிலோமீற்றர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு போவது நல்லதல்ல. சாரதிக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் ஓட்ட வேண்டும். ஜேர்மனியிலேயே எடையைத் தாளில் குறைத்து எழுதுவிக்கும் வழக்கம் உண்டு. அங்கே பழைய அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் 7.5 தொன் வரை ஓட்டலாம் என்பதால் நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் தாளில் குறைத்தால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரமும் அதே அளவு குறைந்துவிடும். 1222 இல் வி6 எஞ்சின், கனத்த அச்சுகள், கனத்த சட்டம் (சேசி). வெறும் வண்டியே கனம். எடையைக் குறைத்து எழுதிவிட்டுப் பிறகு தண்ணீருக்கும் டீசலுக்கும் இடமில்லாமல் நிற்பீர்கள்.

பிரேக்கும் கவனிக்க வேண்டிய விஷயம். காற்று பிரேக் உள்ள வாகனத்தை ஒன்ராறியோவில் ஓட்ட, ஜி யோடு ஸெட் என்ற சேர்க்கையும் வேண்டும். வண்டி வீடாக மாறிவிட்டது என்பதற்காக அது இல்லாமல் போகாது. இந்த வகை லொறிகளில் காற்றும் ஹைட்ரோலிக்கும் கலந்த பிரேக்கும் வரும். எது வந்தாலும் இருவருமே ஸெட் எடுத்துவிடுங்கள். ஒரு வார இறுதி வகுப்பு, பிறகு எழுத்திலும் செய்முறையிலும் பரீட்சை. காற்றுத் தொட்டியில் தண்ணீர் தேங்குவதும், குளிர்காலத்தில் அது உறைந்து வால்வை அடைப்பதும் ஏன் என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். மைனஸ் 25 இல் ஒரு விடியற்காலையில் அந்த அறிவு உதவும்.

சரி, எதை வாங்கலாம்? என் தெரிவு, மெர்சிடஸ் 1984 முதல் 1998 வரை செய்த இலகு ரக லொறிகள். 814, 917, 1117, 1120 எல்லாம் அந்தக் குடும்பம். பெயருக்குப் பின்னால் ஏ எஃப் என்று இருந்தால் நான்கு சில்லும் இழுக்கிற தீயணைப்பு வண்டி. 917 இல் இருப்பது ஓஎம் 366 எஞ்சின், ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 6 லீற்றர். அதற்கு முந்தியது ஓஎம் 352, 5.7 லீற்றர். ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் சத்தம் பழக்கமாகவே இருக்கும். 1954 முதல் டாடா கொம்பனி டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் செய்து ஜம்ஷெட்பூரில் லொறி செய்தது. வெங்காயமும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு நம் வீதிகளில் ஓடிய டாடா பென்ஸ் அந்த வழியில் வந்ததுதான். நான் முதன்முதலில் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பார்த்தது என் மாமாவின் டாடாவில். முப்பது வருடம் கழித்து ஓஎம் 366 இன் மூடியைத் திறந்தபோது கை தானாகவே வேலை செய்தது.

பாசம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த எஞ்சினுக்கு உண்மையான காரணம் வேறு. டீசல் பம்ப் முழுக்க இயந்திரம், கணினி கிடையாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீதி வாகன டீசலில் கந்தகம் 15 பிபிஎம்முக்கு, அதாவது பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. புதிய லொறிகளின் புகை வடிகட்டி அந்தச் சுத்தமான டீசலுக்காகவே செய்யப்பட்டது. தெற்கே போகப் போக எல்லாப் பம்பிலும் அது கிடைக்காது. பழைய எஞ்சின் அதைப் பொருட்படுத்தாது. பொலிவியாவில் ஒரு லொறிக் கராஜில் இருப்பவருக்கும் இதைத் திருத்தத் தெரியும்.

மெர்சிடஸின் இன்னொரு நான்கு சில்லு லொறியான ஊனிமொக் 1300 எல் பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். ஜேர்மன் இராணுவத்துக்காக ஏராளமாகச் செய்யப்பட்டது. சேற்றிலும் மணலிலும் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் சத்தம் அதிகம், வேகம் 80, 85 க்கு மேல் போகாது, சட்டம் வேண்டுமென்றே முறுகும்படி செய்யப்பட்டது. அலாஸ்காவில் இருந்து உசுவாயா வரை போகிற பாதையில் பெரும்பகுதி தார் வீதி. நாள் முழுக்கத் தார் வீதியில் ஓடப் போகிறவருக்கு ஊனிமொக் களைப்பு. பிரித்தானிய இராணுவத்தின் பழைய லொறிகளும் யப்பானின் நான்கு சில்லும் இழுக்கிற மிட்சுபிஷி கன்டர் லொறிகளும் மலிவாக வரும். ஆனால் வலதுபக்கச் சுக்கான். கியூபெக்கில் 25 வயதுக்குக் குறைந்த வலதுசுக்கான் வாகனத்தைப் பதிய முடியாது. குடிபெயரும் எண்ணம் இருந்தால் அதை நினைவில் வையுங்கள்.

வயதைப் பொறுத்தவரை கனடா தாராளமான நாடு. செய்யப்பட்ட மாதத்தில் இருந்து 15 வருடம் கடந்த வாகனத்துக்கு இங்கத்தைய பாதுகாப்புத் தர விதிகள் பொருந்தாது. அமெரிக்காவில் அது 25 வருடம். 1988 வண்டிக்கு இரண்டுமே தாண்டியாயிற்று. கவனிக்க வேண்டியது மாதம். பதிவுப் புத்தகத்தில் இருப்பது முதல் பதிவுத் திகதி, செய்யப்பட்ட திகதி அல்ல. தீயணைப்பு வண்டிகளில் சட்டம் ஒரு வருடம் செய்து, மேலே உடல் கட்டி முடித்து அடுத்த வருடம் பதிந்திருப்பார்கள். சேசி இலக்கத்தோடு செய்த திகதியும் எழுதிய கடிதம் ஒன்றை உற்பத்தியாளரிடம் வாங்கி வைத்திருந்தால் எல்லைச் சேவை அதிகாரியின் மேசையில் வேலை சுலபம்.

வரி: லொறிக்கும் மோட்டார் ஹோமுக்கும் சாதாரண வரி 6.1 சதவீதம். ஐரோப்பாவோடு 2017 இல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி அங்கே செய்யப்பட்ட வண்டிக்கு அந்த வரியில் சலுகை உண்டு, ஆனால் வண்டி அங்கே செய்யப்பட்டதுதான் என்ற மூல உறுதிமொழியை விற்பவர் எழுதித் தர வேண்டும். 6,000 யூரோவுக்குக் கீழே என்றால் யாரும் எழுதித் தரலாம். அதற்கு மேலே என்றால் பதிவு செய்த ஏற்றுமதியாளர்தான். வண்டி வாங்குகிற அன்றே இதைக் கேட்டு வாங்குங்கள், கப்பல் ஏறிய பிறகு எவரும் கடிதம் எழுத மாட்டார்கள். பிறகு எல்லையில் மத்திய அரசின் விற்பனை வரியான ஜிஎஸ்டி 5 சதவீதம், ஒன்ராறியோவில் பதியும்போது மாகாணப் பங்கு 8 சதவீதம்.

எங்கே தேடுவது? ஜேர்மனியில் ஊராட்சிகள் பழைய வண்டிகளைச் சுங்கத் திணைக்களத்தின் ஏலத் தளத்தில் போடும். இராணுவ வண்டிகள் வேபெக் என்ற அரச விற்பனை நிறுவனம் வழியாக வரும். ஊர்ப் படையிடம் நேரே வாங்குவது எனக்குப் பிடிக்கும். தொண்டர் படையில் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரோடு ஒரு கோப்பி குடித்தால் பராமரிப்புப் புத்தகத்தில் இல்லாததும் தெரியவரும்.

குறைந்த கிலோமீற்றர் பற்றி ஒரு வார்த்தை. 24,000 என்று பார்த்ததும் புது வண்டி என்று நினைக்காதீர்கள். தீயணைப்பு வண்டி அழைப்பு வந்ததும் குளிர்ந்த எஞ்சினோடு முழு வேகத்தில் பாயும். தீ நடக்கிற இடத்தில் நின்றபடியே மணித்தியாலக் கணக்கில் பம்பை ஓட்டும். அந்த மணித்தியாலங்கள் கிலோமீற்றரில் விழாது, பம்பின் மணிமானியைப் பாருங்கள். நின்று நின்று ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும். எனக்கு வந்த வண்டியில் பிரேக் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், அச்சு முனை சீல்கள் எல்லாமே மாற்ற வேண்டியதாகிவிட்டது. ரயரில் தடம் புதிது போல இருக்கும். பக்கத்தில் நான்கு இலக்கத் திகதியைப் படியுங்கள், 1903 என்றால் 2003 ஆம் ஆண்டின் 19 ஆவது கிழமை. மூன்றே இலக்கம் என்றால் 2000 க்கு முந்தியது, அதில் நெடுஞ்சாலையில் ஓடக்கூடாது.

கறளைத் தேடுவது கண்ணால் மட்டும் முடியாத வேலை. கதவடிப் படிகள், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரை ஓரம், பின்சுவரின் அடி, இவ்வளவிலும் ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீர் என்னும், கறள் பிடித்தது மந்தமாகக் கேட்கும். தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்துக்குக் கீழே சட்டத்தின் மேல்பக்கம் பாருங்கள். விற்றவர் அனுப்பிய படங்களை நம்பி நான் முற்பணம் கட்டினேன். இறங்கியதும் பார்த்தால் கேபினின் ஒரு மூலை முழுக்கப் பூச்சு மட்டும்தான் நின்றது, உள்ளே தகரமே இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க வெட்டி ஒட்டினேன். விமானச் சீட்டுக்கு மிச்சம் பிடித்த காசு அதில் பல மடங்காகப் போனது. நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் அங்கே ஒரு சுயாதீனப் பரிசோதகரை அமர்த்துங்கள்.

அடுத்தது கப்பல். இப்படி உயரமான வண்டி கொள்கலனுக்குள் போகாது, ஓட்டி ஏற்றுகிற றோறோ கப்பல்தான். ஹம்பேர்க், அன்ற்வேர்ப் போன்ற துறைகளில் இருந்து கனடாவின் கிழக்குக் கரைத் துறைமுகமான ஹலிஃபாக்ஸுக்கு வருகிறது. கட்டணம் எடைக்கு அல்ல, கனமீற்றருக்கு. 6.5 மீற்றர் நீளம், 2.4 அகலம், 3 உயரம் என்றால் 46.8 கனமீற்றர். ஆகவே கூரையில் இருக்கிற ஏணி, தட்டு, நீல விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கும் சைரனும் எப்படியும் இங்கே இருக்கக்கூடாது. வண்டிக்குள் சாமான் எதையும் விடாதீர்கள். திறப்பு யார் யார் கைக்கோ போகிற பயணம் அது.

மண் விஷயத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். கனடிய உணவு ஆய்வு முகமை வெளிநாட்டு மண் ஒட்டிய வாகனத்தை உள்ளே விடாது, திருப்பி அனுப்பவும் முடியும். நீராவியால் கழுவுங்கள். சட்டத்தின் உட்பக்கம், வில் தகடுகளின் இடைவெளி, மட்கார்டின் பின்புறம், உதிரிச் சில்லு தொங்கும் இடம் எல்லாம் கையால் தடவிப் பாருங்கள். கழுவிய பிறகு துறைமுகத்துக்குச் சேற்று வழியால் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது.

இனிக் கட்டுமானம். இங்கேதான் நல்ல வண்டிகளும் பாழாகிப் போகின்றன. லொறியின் சட்டம் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் குறுக்குத் துண்டுகளும். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் அது முறுகும், முறுகத்தான் வேண்டும். நீங்கள் மேலே வைக்கிற பெட்டியோ முறுகாது. பனையோலைப் பெட்டியைக் கையால் முறுக்கினால் வளைந்து கொடுக்கும், பலகைப் பெட்டி மூட்டில் பிரியும். சட்டத்தோடு பெட்டியை இறுக்கி போல்ட் போட்டால் முதல் கரடுமுரடான பாதையிலேயே மூலைகள் வெடிக்கும், யன்னல் ஓரத்தால் தண்ணீர் வரும். அது நடக்காவிட்டால் அதைவிட மோசமாக லொறியின் சட்டமே போல்ட் துளையில் இருந்து கிழியத் தொடங்கும்.

அதனால் லொறியின் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு உபசட்டம் வேண்டும். 917 மாதிரி ஓரளவு விறைப்பான சட்டத்துக்கு, பின்பக்கம் இறுக்கிப் பிடித்து, முன்பக்கம் ஸ்பிரிங் போட்ட நீண்ட போல்ட்களால் பிடிப்பது போதும். சட்டம் முறுகும்போது முன்பக்கம் சில சென்ரிமீற்றர் எழும்பி, பிறகு தானாக அமரும். ஊனிமொக் போல நிறைய முறுகும் வண்டிக்கு மூன்று புள்ளியிலோ, சாய்சதுரமாக நான்கு புள்ளியிலோ சுழலும் தாங்கி வேண்டும். ஒரு முன்சில்லை மேடையில் ஏற்றி, எதிர்மூலைப் பின்சில்லையும் ஏற்றி, கேபினுக்கும் பெட்டிக்கும் இடையில் எவ்வளவு அசைகிறது என்று அளந்த பிறகே அங்கே நுழைவாசல் வெட்டுங்கள். நான் இரண்டு நாள் இதிலேயே செலவழித்தேன். அது வீண்போகவில்லை.

பெட்டியைக் கண்ணாடியிழைத் தகடும் நடுவில் நுரையும் வைத்த சாண்ட்விச் பலகையால் கட்டுங்கள். சுவரின் ஊடே உள்ளிருந்து வெளியே போகிற இரும்பு ஒரு துண்டும் இருக்கக்கூடாது. மைனஸ் 20 இல் அந்த இடத்தில்தான் மூச்சின் ஈரம் படிந்து, பிறகு கட்டிலுக்கு அடியில் பூஞ்சணம் வரும். கப்பல் கொள்கலனை வெட்டி வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 20 அடிக் கொள்கலன் வெறுமனே 2,200 கிலோவுக்கு மேல். எடையை நினைத்தாலே அந்த யோசனை முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் சொன்ன தகட்டின் எடையை இங்கே ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கம் வண்டியின் மொத்த எடையும் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடையும். மறுபக்கம் நீங்கள் ஏற்றப் போகிற ஒவ்வொன்றும். 300 லீற்றர் தண்ணீர் 300 கிலோ. 400 லீற்றர் டீசல் 335 கிலோ அளவில். பெரிய ரயரும் றிம்மும் சேர்ந்து ஒன்று 150 கிலோவுக்குக் கிட்ட, உதிரி இரண்டு கொண்டுபோனால் 300. அடுப்பு, பற்றறி, உடுப்பு, அரிசி மூட்டை, நீங்கள் இருவர். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் அச்சைத் தூக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியை அச்சுகளுக்கு நடுவில், பெட்டிக்கு உள்ளே வையுங்கள், வெளியே வைத்தால் உறையும். லித்தியம் பற்றறியும் உள்ளேதான், பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணினால் கெட்டுவிடும்.

வேகத்துக்கு ரயர் ஒரு மருந்து. தீயணைப்பு வண்டி பெரும்பாலும் 85, 90 க்குமேல் போகாது, 401 நெடுஞ்சாலையில் அது சிரமம். 9.00ஆர்20 ரயரின் விட்டம் ஏறக்குறைய 1,020 மில்லிமீற்றர். அதற்குப் பதில் 365/80ஆர்20 போட்டால் 1,092, அதாவது 7 சதவீதம் கூட. எஞ்சின் அதே வேகத்தில் சுழல, 85 இல் ஓடிய வண்டி 91 க்குப் போகும். பின்னால் இரட்டைச் சில்லை ஒற்றையாக்கினால் கல் இடையில் சிக்காது, மணலில் முன்சில்லின் தடத்திலேயே பின்சில்லும் போகும். இடம் இருந்தால் 395/85ஆர்20 இன்னும் நல்லது, ஏனென்றால் அமெரிக்க இராணுவத்தின் நடுத்தர லொறிகள் அதே அளவில்தான் ஓடுகின்றன, மீந்தவை வட அமெரிக்காவில் கிடைக்கும். ஆனால் மேடு ஏறும் வலு குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். ஆசைப்பட்டு ஆகப் பெரியதற்குப் போகாதீர்கள்.

பதிவை மோட்டார் ஹோம் என்றே முடியுங்கள், லொறி என்று விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவில் 4,500 கிலோவுக்கு மேல் லொறி என்றால் வணிக வாகன விதிகள் பின்னால் வரும். மெக்சிக்கோ எல்லையில் அது இன்னும் முக்கியம், 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்குச் சுற்றுலாத் தற்காலிக அனுமதி கிடைக்காது, வீட்டு வண்டிக்கு 10 வருட அனுமதி தருவார்கள். காப்புறுதியை வண்டி வாங்க முன்னரே எழுத்தில் வாங்குங்கள். தானே கட்டிய, வெளிநாட்டு, கனத்த வண்டி என்றதும் பல முகவர்கள் கையை விரிப்பார்கள். எனக்கு ஏழாவது முகவர்தான் சரி என்றார். அதுவரை வண்டி வாசலில் நின்றது.

பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் டேரியன் காட்டில் வீதி கிடையாது. கொலோன் துறையில் இருந்து கார்த்தகேனாவுக்கு மறுபடி கப்பல், மறுபடி கனமீற்றர் கணக்கு. பெட்டியின் உயரத்தை இப்போது 20 சென்ரிமீற்றர் குறைத்தால் அங்கே காசு மிச்சம்.

ஹலிஃபாக்ஸில் எடுக்கப் போகும்போது பழுதுவாகனம் இழுக்கும் சாதாரண தட்டையான வண்டியை நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள். 3 மீற்றர் உயர லொறியைத் தட்டில் ஏற்றினால் ஒன்ராறியோவின் 4.15 மீற்றர் உயர எல்லையைத் தாண்டிவிடக்கூடும், தாழ்ந்த தட்டு வண்டி வேண்டும். ஓட்டிக்கொண்டு வருவதென்றால் தற்காலிக அனுமதி, காப்புறுதி, நல்ல ரயர் ஆறு, 24 வோல்ட்டுக்கு இரண்டு பற்றறி, டீசல் வடிகட்டி இரண்டு, விசிறிப் பட்டி ஒன்று, பிரேக் குழாய்க்கு இணைப்புகள், கையுறை. ரொறன்ரோவுக்கு 1,800 கிலோமீற்றர். நாளுக்கு 500 க்கு மேல் ஓட்டாதீர்கள். முதல் 50 கிலோமீற்றரில் நிறுத்தி நான்கு சில்லின் நடுவையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.